கவிழ்த்த படகுக்குள் ஜைதூன் பீ

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்த ஷஃபியுல்லாவுக்கு இடது காது கேட்காது. யுத்தம் வாங்கிக்கொண்ட காது அது. குண்டு எதுவும் விழவில்லை. பரங்கிமலைப் பக்கம் பட்டாளத்து ரிப்பேர் டிப்போவில் நாலு வருஷம் விமானத் தகடுகளுக்கு ரிவிட் அடித்ததில் போனது. அதனால் அவர் மனைவி ஜைதூன் பீ எப்போதும் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்துதான் பேசுவாள். சோறு போடும்போதுகூட வலப்பக்கமாக வந்துதான் போடுவாள்.

யுத்தம் முடிந்து டிப்போவை மூடியதும் ஷஃபியுல்லா பழைய தொழிலுக்கே திரும்பினார். பாத்திரங்களுக்கு ஒடுக்கு எடுப்பது, கைப்பிடி வைப்பது, ஓட்டை அடைப்பது. வேலை பெரும்பாலும் தியாகராய நகர் உஸ்மான் ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருந்த பொன்ராஜிடமிருந்து வந்தது. பொன்ராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கடையை ஆரம்பித்த நேரம் யுத்தம் வந்து அலுமினியமே கண்ணில் படாமல் போயிற்று. இப்போது பட்டாளக்காரர்கள் விட்டுப்போன தட்டுமுட்டுகளை ஏலத்தில் எடுத்து உருக்கிப் பாத்திரம் பண்ணுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவரும் போய் ஒரு குவியலை எடுத்துவிட்டார். அதை உலைக்குப் போகிற அளவில் துண்டு துண்டாக வெட்டித் தரும் வேலை ஷஃபியுல்லாவுடையது.

நாற்பத்தேழாம் வருஷம் ரம்ஜான் பெருநாள் கழிந்து பத்து நாள் இருக்கும். சுதந்திரத்துக்குக் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் நனைந்து சந்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு மாட்டு வண்டிகள் வந்து கொல்லைப்புறத்தில் நின்றன. ஜைதூன் பீ கோஷாப் பெண். வண்டிக்காரர்கள் போகிற வரைக்கும் சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். அவர்கள் போனதும் வெளியே வந்து பார்த்தாள். ஒரு பக்கம் கசங்கிய தகடுகள், நசுங்கிய டப்பாக்கள், விமானத்தின் எந்தப் பாகமென்றே தெரியாத வளைந்த சில்லுகள். இன்னொரு பக்கம், முழுசாக ஒரு படகு.

இரண்டு ஆள் நீளம் இருக்கும். மூக்கு நசுங்கியிருந்தது. இடது விலாவில் கை நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல். அடியில் பெரிய ஒடுக்கு. ஷஃபியுல்லா அதைச் சுற்றி வந்து, உட்காரும் பலகைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, துருப்பிடித்த தூண்டில் முள் ஒன்றை எடுத்தார்.

“எவனோ தொர மீன் புடிக்க வெச்சிகினு இருந்திருக்கான்,” என்றார். “தகடு நல்ல தகடு, ஜைதூன். பாத்திரத் தகடு மாதிரி இல்ல. இது எங்க டிப்போ தகடு.”

ஜைதூன் பீ படகின் விளிம்பில் கை வைத்தாள். வெயிலில் சுட்டது. கையை எடுக்கவில்லை.

“ஏங்க, இத வெட்டாதீங்க.”

“அப்புறம்?”

“வேளச்சேரி அண்ணனுக்கு.”

அதற்கு மேல் அவள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேளச்சேரி அண்ணன் யாரென்று அந்த வீட்டில் தெரியாதவர் இல்லை.

நாற்பத்து மூன்றாம் வருஷம் அக்டோபரில் ஜைதூன் பீ தலைப்பிரசவத்துக்காக சைதாப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஏழு மாதம். ஐந்து நாள் விடாத மழையில் அடையாறு பெருகி, ஒரு விடியற்காலையில் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அம்மாவும் மகளும் பரணுக்கு ஏறி, அங்கேயும் தண்ணீர் வர, ஓட்டைப் பிரித்துக்கொண்டு கூரைமேல் உட்கார்ந்தார்கள். மத்தியானம் வரைக்கும் அப்படியே இருந்தார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அம்மாவுக்குக் குரல் கட்டிப்போயிற்று.

வேளச்சேரி ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் நாலு பேர் தங்கள் பனந்தோணிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சைதாப்பேட்டைக்கு வந்திருந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அதில் ஒருவன் கூரையோரம் தோணியை நிறுத்தி, அம்மாவை முதலில் இறக்கி, பிறகு ஜைதூன் பீயின் இரண்டு கைகளையும் பிடித்து இறக்கினான். பனைமரத்தைக் குடைந்த தோணி. மூன்று பேருக்கு மேல் தாங்காது. ஆற்றின் இழுப்பில் அது சாய்ந்தபோது அவள் அலறினாள்.

“கண்ண மூடிக்கம்மா,” என்றான் அவன். “தண்ணிய நீ பாக்காத. நான் பாத்துக்கறேன்.”

கரையில் சத்திரத்துப் படிக்கட்டு தட்டுகிற வரைக்கும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. இறங்கியதும் பெயரைக் கேட்டாள். “தனபாலன். வேளச்சேரி,” என்று சொல்லிக்கொண்டே அவன் மறுபடி தோணியைத் தள்ளினான். சாயங்காலம் மர்மலாங் பாலத்துத் தூணில் மோதி அந்தத் தோணி இரண்டாகப் பிளந்தது என்றும், தனபாலன் ஒரு மரக்கிளையைப் பிடித்துப் பிழைத்தான் என்றும் மறுநாள் சத்திரத்தில் பேசிக்கொண்டார்கள்.

டிசம்பரில் சகினா பிறந்தாள். அது முதல் ஒவ்வொரு பெருநாளுக்கும் ஷஃபியுல்லா சைக்கிளில் டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு வேளச்சேரிக்குப் போய்வருவார். தனபாலன் கேரியரைக் கழுவி, அதில் நாலு விரால் மீன் போட்டுத் திருப்பி அனுப்புவான். ஷஃபியுல்லா பார்த்ததை வந்து சொல்வார். தோணி போனபிறகு தனபாலனால் இன்னொன்று செய்துகொள்ள முடியவில்லை. மார்பளவுத் தண்ணீரில் நின்று வலை வீசுகிறான். ஏரி நிரம்பிவிட்டால் மீன் நடு ஏரிக்குப் போய்விடும். கரையில் நிற்கிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது. நாளெல்லாம் ஊறி ஊறிக் கால் விரலிடுக்கெல்லாம் புண். இதைக் கேட்டுவிட்டு ஜைதூன் பீ சமையலறைக்குள் போய்விடுவாள். ஐந்து வேளைத் தொழுகையிலும் அந்தப் பெயரைச் சொல்லி துஆ கேட்பாள். அதற்கு மேல் அவளால் என்ன செய்ய முடியும்?

இப்போது கொல்லையில் ஒரு படகு கிடந்தது.

ஷஃபியுல்லா வாயில்லாத மனுஷன். பொன்ராஜிடம் போய்க் கேட்க வேண்டும் என்று தினமும் காலையில் நினைத்துக்கொள்வார். உஸ்மான் ரோடு போய்ச் சேர்வதற்குள் அந்த நினைப்பு வற்றிப்போகும். மற்ற தகடுகளையெல்லாம் வெட்டி அனுப்பிக்கொண்டே இருந்தார். படகைத் தொடவில்லை. ஆனால் மூன்றாம் நாளே மூக்கின் ஒடுக்கை மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்த ஆரம்பித்துவிட்டார். கேட்காமலே ஆரம்பித்துவிட்டோமே என்று அவருக்குப் பயம். ஆரம்பித்துவிட்டதில் ஒரு சந்தோஷம்.

கிழிசலுக்கு ஒட்டுப் போட, அதே குவியலில் கிடந்த விமானத் தகடு இருந்தது. ரிவிட்டுக்கும் கஷ்டமில்லை. தேக்சாவுக்குக் கைப்பிடி வைக்கிற அலுமினிய ரிவிட்டுகள் அவர் பெட்டியிலேயே நிறைய இருந்தன. செம்பு ரிவிட்டோ இரும்பு ரிவிட்டோ போட்டால் அலுமினியத்தை அரித்துவிடும் என்று டிப்போவில் கற்றிருந்தார். இல்லாதது ஒன்றே ஒன்று, ஆள். ரிவிட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் வெளியிலிருந்து அடிக்கும்போது, இன்னொருவன் உள்ளேயிருந்து கனமான இரும்புக்கட்டியை அதன் முனைக்கு எதிராக அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் அது தட்டையாகப் பரந்து தகட்டைக் கவ்வும். டிப்போவில் அவருக்காகப் பிடித்த இனாயத், பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

“நான் புடிக்கிறேன்,” என்றாள் ஜைதூன் பீ.

“நீயா? கை ஒதறும். பல்லு வரைக்கும் ஒதறும்.”

“ஒதறட்டும்.”

“கொல்ல கதவு தொறந்து கெடக்குது. யாராச்சும் வருவாங்க, போவாங்க.”

“படகுதான் கவுந்து கெடக்குதே. நான் அதுக்குள்ள இருப்பேன். யார் கண்ணுக்கு தெரியப்போறேன்?”

ஷஃபியுல்லா யோசித்துப் பார்த்தார். பிறகு இரும்புக்கட்டியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

அப்படித்தான் அந்த செப்டம்பர் மாதம் முழுக்க, வீட்டு வேலை முடிந்ததும், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜைதூன் பீ கவிழ்த்த படகுக்குள் நுழைந்தாள். ஒரு பக்கத்தை நாலு செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். குழந்தை சகினா அதன் வழியாக அவ்வப்போது தலையை நீட்டி, அம்மா அங்கேதான் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுப் போவாள்.

உள்ளே நுழைந்த முதல் நாள் ஜைதூன் பீ அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெளியிலிருந்து பார்த்தபோது பத்து ஓட்டை இருக்கும் என்று ஷஃபியுல்லா சொல்லியிருந்தார். உள்ளிருந்து பார்த்தால் அறுபது இருந்தது. உச்சி வெயில் ஒவ்வொரு பொத்தலிலும் ஊசிமுனையாகப் புள்ளி வைத்திருந்தது. ரிவிட் தளர்ந்த இடங்களில் பிறைபோல ஒரு கீற்று. அடிப்பாகத்தின் இணைப்பில் ஒரு முழ நீளத்துக்கு நூல் பிடித்தாற்போல வெளிச்சம்.

“ஏங்க, சாக்குக்கட்டி குடுங்க,” என்று அவருடைய வலது காதுப் பக்கம் பார்த்துக் கத்தினாள். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி உள்ளே ஒரு வட்டம் போட்டாள்.

அடிக்க ஆரம்பித்தபிறகுதான் சங்கடம் தெரிந்தது. அவருக்கு ஒரு காது இல்லை. அவளுக்குப் படகுக்குள் எழும் முழக்கத்தில் இரண்டு காதும் இல்லை. பஞ்சு வேறு அடைத்திருந்தாள். கத்திப் பார்த்துச் சலித்து, இரண்டாம் நாள் ஒரு பாஷை கண்டுபிடித்தார்கள். இரும்பைச் சரியாக வைத்ததும் அவள் உள்ளிருந்து ஒரு தட்டு. அவர் அடித்து முடிப்பார். முனை நன்றாகப் பரந்திருந்தால் அவள் இரண்டு தட்டு. கோணலாகப் போயிருந்தால் மூன்று. அதை வெட்டி எடுத்துவிட்டு வேறு அடிக்க வேண்டும். முதல் நாட்களில் மூன்று தட்டுதான் அதிகம். அவள் கை தளர்ந்து இரும்பு நழுவியதால் வந்த தவறுக்கும் அவளே மூன்று தட்டினாள். அவர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. ராத்திரி சோறு போடும்போது கை நடுங்குவதைப் பார்த்து, கரண்டியை அவரே வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் வாரம் பொன்ராஜ் ஆள் அனுப்பினார், படகு எங்கே என்று. ஷஃபியுல்லா மென்று விழுங்கினார். மறுநாள் பொன்ராஜே வந்து சந்தில் நின்றார். உள்ளே பெண்பிள்ளை இருக்கிற வீடு என்பதால் கொல்லைக்குள் கால் வைக்கவில்லை.

“பாய், உலைக்காரன் காத்துக்கிட்டு இருக்கான். பெரிய உருப்படியே அதுதான். இன்னும் வெட்டலையா?”

“இல்லீங்க மொதலாளி. அது வந்து... வெட்றதுக்கு மனசு வரல.”

“மனசா?” பொன்ராஜுக்குப் புரியவில்லை. கோபிக்கவும் தெரியவில்லை. இத்தனை நாளும் சொன்ன நாளில் சொன்னபடி வேலை செய்து கொடுத்த மனுஷன். “நாளைக்கு வீட்டுல வந்து பாப்பாவ,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொன்ராஜின் வீட்டுக்காரம்மா சுந்தரவல்லி மறுநாள் ஜட்காவில் வந்து இறங்கினாள். நல்ல உயரம். காதில் தண்டட்டி போட்டு வளர்த்த துளைகளைத் தைத்துச் சிறு தோடு போட்டிருந்தாள். கடையில் சரக்கு நிறுத்துப் பார்த்து எடுப்பது அவள்தான் என்று பேச்சு. கொல்லையில் ஆளைக் காணாமல் சுற்றிப் பார்த்தாள்.

“அக்கா, இங்க கீறேன்,” என்றது படகு.

சுந்தரவல்லி குனிந்து பார்த்தாள். சாக்குக்கட்டிப் பொடியும் வேர்வையுமாக உள்ளே ஒரு முகம். வெளியே வரச் சொல்லவில்லை. புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தானே உள்ளே நுழைந்துவிட்டாள். இருவரும் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மிச்சமிருந்த ஓட்டைகளின் வெளிச்சம் இருவர் மேலும் புள்ளி புள்ளியாக விழுந்தது.

“எதுக்கும்மா இந்தப் பாடு?” என்றாள் சுந்தரவல்லி.

ஜைதூன் பீ சொன்னாள். கூரை, தோணி, மூடிய கண், மர்மலாங் பாலம், கால்புண், எல்லாம். அழவில்லை. இரும்புக்கட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதைத் தடவியபடி சொன்னாள்.

சுந்தரவல்லி அந்த இரும்பை வாங்கிக் கனம் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அண்ணாந்து பார்த்து, “இந்தா, இங்க ரெண்ட விட்டுட்டியே,” என்று சாக்குக்கட்டியை வாங்கி இரண்டு வட்டம் போட்டாள்.

“எங்க ஊரு கடக்கரை. எங்க அப்பா உப்பளத்துக்கு தோணில சரக்கு ஏத்துனவுக. மிதக்குத தோணிய அறுக்கக் கூடாது, அறுத்த வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்லுவாவ.”

“நெஜமாவாக்கா?”

“சொல்லுவாவ. நான் அவியகிட்ட சொல்லுதேன்.” அவள் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு ஓடியது. “நீ இதை மிதக்க விடு. மிதந்தாத்தான அந்தச் சொல்லு செல்லும்.”

ஜைதூன் பீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு வாய் சாயா குடிச்சிட்டு போங்கக்கா,” என்றாள். சுந்தரவல்லி குடித்துவிட்டுத்தான் போனாள்.

இரண்டு நாள் கழித்து பொன்ராஜ் சந்தில் நின்று சொன்னார்: “தோணிய அறுக்கப்படாதாம் பாய். வீட்டுல உத்தரவு. நீங்களே வச்சிக்கிடுங்க. இன்னும் தகடு கிகடு வேணும்னா கடைல வந்து எடுத்துக்கிடுங்க.”

கடைசி வேலை இணைப்புகளை அடைப்பது. சுந்தரவல்லி சொல்லியனுப்பிய முறைப்படி, குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சி, பழைய வேட்டித் துணியைக் கிழித்து அதில் தோய்த்து, தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே வைத்து ரிவிட் அடித்தார்கள். ஜைதூன் பீ சமையலறை அடுப்பில் காய்ச்சினாள். சந்து முழுக்க அந்தப் புகைதான். யார் வீட்டில் என்ன விசேஷம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கேட்டார்கள். அன்றைக்குச் சோறு, குழம்பு, சாயா எல்லாவற்றிலும் குங்கிலியம் மணத்தது. ஷஃபியுல்லா எல்லாவற்றையும் சாப்பிட்டு எழுந்தார்.

அக்டோபர் நடுவில், ஒரு பகல் உச்சியில் ஜைதூன் பீ மறுபடி படகுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தாள். இருட்டாக இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இருட்டு. தன் கையைத் தூக்கிப் பார்த்தாள், விளிம்போரம் கசிந்த வெளிச்சத்தில் மங்கலாகத்தான் தெரிந்தது. இருட்டைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அவள் வாழ்நாளில் அன்றைக்குத்தான். தகட்டில் இரண்டு தட்டு தட்டினாள். வெளியிலிருந்து ஷஃபியுல்லா இரண்டு தட்டினார்.

பக்ரீதுக்கு ஒரு வாரம் இருந்தது. படகை மாட்டு வண்டியில் கவிழ்த்துக் கட்டி, முன்னால் ஷஃபியுல்லா நடந்தார். பின்னால் திரை போட்ட ஜட்காவில் ஜைதூன் பீயும் சகினாவும். நாலு வருஷமாக அவள் எந்த நீர்நிலைப் பக்கமும் போனதில்லை. மர்மலாங் பாலத்தின்மேல் ஜட்கா ஏறியபோது திரையைக் கொஞ்சம் விலக்கினாள். கீழே ஆறு, மணலுக்கு நடுவே ஓடைபோல ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஆறா, என்று நினைத்தாள். கிண்டி தாண்டியதும் ஒரே வயல்வெளி. அதற்கப்பால், முதல் மழையில் பாதி நிரம்பி, வேளச்சேரி ஏரி.

தனபாலன் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும். முழங்கால் வரைக்கும் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. வண்டியில் வருவதைப் பார்த்து எழுந்து வந்தான்.

“பாய், இன்னா இது?”

“படகு,” என்றார் ஷஃபியுல்லா. சொல்லிவிட்டு ஜட்காவைப் பார்த்தார்.

புர்காவோடு ஜைதூன் பீ இறங்கினாள். முகத்திரையை மேலே தள்ளிக்கொண்டாள். இந்த மனுஷனின் முகத்தை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை. குரல்தான் தெரியும்.

“உங்களுக்குதான்ணே.”

தனபாலன் படகைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தலையை ஆட்டினான். “தங்கச்சி, அன்னிக்கு நான் இருவத்தி ரெண்டு பேர ஏத்தினேன். ஆளுக்கொரு படகு கொண்ணாந்தா ஏரில தண்ணி நிக்க எடமிருக்காது. பெருநாளைக்கு பெருநா சோறு வர்து. அது போதும். இத வித்து கொழந்தைக்கு எதுனா பண்ணு.”

“மத்த இருவது பேர எனக்கு தெரியாது. நானும் எங்கம்மாவும் அந்த தோணில வந்தோம். என் வயித்துல இவ இருந்தா. அந்த தோணி ஒடஞ்சிட்சு.”

“ஆத்துல ஒடஞ்சிது. நீயா ஒடச்ச?”

“நான் ஒடைக்கல. ஆனா நாலு வருஷமா உங்களுக்கு ஒண்ணு செய்யணும்னு கெடந்து தவிக்கிறேன், செய்றதுக்கு ஒண்ணும் அமையல. இப்பதான் அமைஞ்சுது. அத வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க.”

தனபாலன் திரும்பி ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். பிறகு படகின் கிட்டே போய், விரல் முட்டியால் தட்டினான். அது ஓங்கி ஒலித்தது.

“மீனுக்கெல்லாம் தண்டோரா போட்டுட்டு போணும் போல கீதே,” என்றான்.

“அடில ரெண்டு கோணி விரிச்சா அடங்கும்,” என்றார் ஷஃபியுல்லா அவசரமாக. “கோலு முனைக்கும் துணி சுத்திக்கோ.”

“மிதக்குமா பாய்?”

“மெதக்கும்,” என்றாள் ஜைதூன் பீ.

வண்டிக்காரர்களோடு நாலு பேர் சேர்ந்து தூக்கியபோது அதன் கனமின்மை எல்லாருக்கும் ஆச்சரியம். பனந்தோணிக்குத் தேவைப்படுகிற ஆளில் பாதி போதுமாயிருந்தது. தண்ணீரில் விட்டதும் படகு இலேசாக ஆடி, நிமிர்ந்து நின்றது. தனபாலன் ஏறினான். மூங்கில் கோலை ஊன்றி ஒரு தள்ளு தள்ளியதும் படகு வழுக்கிக்கொண்டு போயிற்று. சின்ன வட்டம் போட்டுத் திரும்பி வந்தான். ஷஃபியுல்லா முட்டளவுத் தண்ணீரில் இறங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பின்பக்கத்து மூலையில் கைப்பிடி அளவு தண்ணீர் சேர்ந்திருந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

“அந்த மூலைல துணி சரியா ஒக்காரல. எடுத்துனு போய் மறுபடி...”

“பாய்,” என்றான் தனபாலன், “ஏரில ஓட்ற எந்த தோணிதான் கொஞ்சம் தண்ணி குடிக்காது? ஒரு சொரக்குடுக்கைல மொண்டு ஊத்துனா தீந்துச்சு. எங்க தோணிங்கள்லாம் இதவிட தாகம் புடிச்சதுங்க.” பிறகு கரையில் நின்றவளைப் பார்த்தான். “வா தங்கச்சி. ஏறு. நீ செஞ்சத நீ ஏறி பாக்க வேணாமா?”

ஜைதூன் பீ பின்வாங்கினாள். ஷஃபியுல்லாவைப் பார்த்தாள். அவர் படகின் விளிம்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து ஆடாமல் நிறுத்தினார். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாளும் அவர் அடிக்க அவள் அழுத்திப் பிடித்தாள். இன்றைக்கு அவர் பிடிக்கிறார். புர்காவைச் சற்றே உயர்த்திக்கொண்டு ஏறி, நடுப்பலகையில் உட்கார்ந்து, சகினாவை மடியில் வாங்கிக்கொண்டாள்.

கரை விலகியது. காலடியில் தகட்டுக்கு அடியில் தண்ணீர் ஓடுவது உள்ளங்காலுக்குத் தெரிந்தது. பழைய பயம் திரும்பி வந்தது. அவள் கண்ணை மூடவில்லை. பக்கவாட்டில் அவள் பிடித்த ரிவிட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. சில நேராக, சில கொஞ்சம் கோணலாக. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்து ஏரியைப் பார்த்தாள். நாரைகள் நின்றன. தூரத்தில் கோயில் கோபுரம். தண்ணீர் சாம்பல் நிறத்தில் சும்மா கிடந்தது. சகினா கையை விட்டு அளைந்து, நனைந்த விரலை அம்மா கன்னத்தில் வைத்தாள்.

“அன்னிக்கு நீங்க கண்ண மூடிக்க சொன்னீங்க,” என்றாள் ஜைதூன் பீ. “நாங்க எவ்ளோ தூரம் வந்தோம்னே எனக்கு தெரியாது.”

“ரொம்ப தூரமில்ல,” என்றான் தனபாலன் கோலை ஊன்றியபடி. “எனக்கும் அன்னிக்கு பயம்தான் தங்கச்சி. நீ கண்ண மூடிக்கினது எனக்கு ஒத்தாசயா இருந்துது. பயந்த கண்ண பாத்தா கை ஓடாது.”

அவன் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். உயிர் பிழைத்ததற்கு எத்தனையோ முறை சொன்ன வார்த்தைதான். அந்தப் பிழைப்பை இன்னொருவன் பயத்தோடு செய்து கொடுத்தான் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்காக இன்னொரு முறை சொன்னாள்.

அந்த வருஷ மழையில் ஏரி நிரம்பி வழிந்தது. தனபாலன் நடு ஏரிக்குப் போய் வலை போட்டான். கால்புண் தை மாதத்துக்குள் ஆறியது என்று ஷஃபியுல்லா வந்து சொன்னார். ஏரிக்காரர்கள் படகை வெள்ளித் தோணி என்று கூப்பிட்டார்கள். அவசரத்துக்கு யார் கேட்டாலும் தனபாலன் கொடுத்தான். ஒரு தடவை எவனோ அதைப் பாறையில் ஏற்றி ஒடுக்கிக் கொண்டுவந்தபோது, ஷஃபியுல்லாவும் ஜைதூன் பீயும் மறுபடி ஜட்கா வைத்துக்கொண்டு போய், ஏரிக்கரையிலேயே கவிழ்த்துப் போட்டுச் சரிசெய்துவிட்டு, மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுத் திரும்பினார்கள்.

சுந்தரவல்லி சும்மா இருக்கவில்லை. இந்த வீட்டில் அடிக்கிற ரிவிட் ஒழுகாது என்று தனக்குத் தெரிந்த கல்யாண மண்டபக்காரர்கள், ஓட்டல்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிவைத்தாள். ஆள் இறங்கித் தேய்க்கிற அளவு பெரிய அண்டாக்கள் கொல்லைக்கு வர ஆரம்பித்தன. தனி ஆளாக அதையெல்லாம் செய்ய முடியாது. ஜைதூன் பீக்கென்று ஷஃபியுல்லா கையடக்கமாக ஒரு இரும்புக்கட்டி கடைந்து வாங்கி வந்தார், பிடிக்கிற இடத்தில் தோல் சுற்றி.

நாற்பத்தொன்பதில் ஒரு காலை. தியாகராய நகர் ஓட்டல் ஒன்றிலிருந்து ஆட்கள் சாம்பார் அண்டா ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து கொல்லைக் கதவில் நின்றார்கள். வேலை செய்கிற பாய் இருக்கிறாரா என்று கேட்டார்கள்.

“வெச்சிட்டு போங்க,” என்றாள் ஜைதூன் பீ கதவுக்குப் பின்னாலிருந்து. “ரெண்டு பேரும் இருக்கோம்.”